பெரிய டாக்டரிடம் நான் உளறியது

என் செல்ல மூத்தவளுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே நீயும் உன்னிடம் வரும் வாயில்லா ஜீவன்களும் சுகமாக இருக்க வேண்டும். என் வலது கை விரலில் தையல் ஊசி ஏறிவிட்டது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். பதறாதே, மருந்து போட்டாயிற்று, மனுஷ டாக்டரிடம்தான்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன் கிளினிக்குக்குச் சலூன் இருந்த கடையைப் பிடித்து, பழைய கண்ணாடியைக் கழற்றாமல் விட்டதில் ஒரு நாய் தன்னையே பார்த்துக் குரைத்துத் தள்ளியது என்று எழுதியிருந்தாயே, அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அளவு எழுதி அனுப்பு, திரை தைத்துத் தருகிறேன். பூனை கொண்டு வருகிறவர்களை ஜன்னல் ஓரமாக, நாய்க்காரர்களுக்கு எட்டத்தில் உட்கார வை. ஆள் வந்துவிடும் என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

இனிமேல் சொல்லப் போவதைப் போனில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கடை திறந்து இரண்டு மாதம் ஆகிறது, குட்டிக்கு முதல் தடுப்பூசி போட வருகிறவர்கள் எல்லாம் அடுத்த ஊசிக்கு நீங்கள் இங்கே இருப்பீர்களா என்று கேட்கிறார்கள், இந்தப் புரளியைக் கிளப்பியது யார் என்று தெரியவில்லை, இப்படியே போனால் பூட்டிவிட்டுப் பெரிய டாக்டர் ஆஸ்பத்திரிக்கே வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று எழுதியிருந்தாய். அந்தப் புரளியைக் கிளப்பியது நான்தான். போன மாதம் பெரிய டாக்டர் இங்கே போன் செய்து, உங்கள் பெண்ணின் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, வருவாளா என்று கேட்டார். அன்றைக்குப் பார்த்து, நாள் முழுக்க ஒரே ஒரு முயல்தான் வந்தது என்று நீ சொல்லியிருந்தாய். கடை ஓடாதோ என்ற பயத்தில், ஏதோ ஆசைக்குத் திறந்திருக்கிறாள் சார், வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். அவர் அதைத் தன்னிடம் வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்லாதே, பெற்றவளே சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள். இதை எழுதாமல் உன் தங்கை பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுதடி என்றேன். அப்பாவோ, ஊரார் துணியெல்லாம் தைக்கிறாயே, உன் வாயைத் தைக்க ஒரு முழம் நூல் கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டார்.

நேற்றுக் காலை நானே பெரிய டாக்டருக்குப் போன் போட்டேன். நான் சொன்னது என் பயம் சார், அவள் முடிவு இல்லை, யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம் மாற்றிச் சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். அதோடு விட்டேனா, அவள் வரமாட்டாள், வேறு ஆள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். போன தடவையும் நீங்கள்தான் சொன்னீர்கள், இந்தத் தடவை அவளே சொல்லட்டும், வருகிற சனிக்கிழமை வரை பார்க்கிறேன் என்றார். போனை வைத்த பிறகுதான், மறுபடியும் உன்னைக் கேட்காமல் உனக்காகப் பேசியது எனக்கு உறைத்தது. இரண்டுக்கும் சேர்த்தே திட்டிவிடு கண்ணு.

திரும்பிப் போனாலும் சரி, அங்கேயே இருந்தாலும் சரி, நீ எடுப்பதுதான் முடிவு. உன் கைபட்டது எல்லாம் பிழைத்து எழுந்து ஓடட்டும். சனிக்கிழமையை மறந்துவிடாதே.

உன் வாயாடி அம்மா

அக்கா, இது நான், அம்மா சொல்லாமல் எழுதுவது. பெரிய டாக்டரிடம் பேசி முடிக்கிற வரை அம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பூட்டிவிடாதே அக்கா.