ஊசி குத்தி எடுக்க முடியாத சிம்

மட்டாஞ்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரோஜாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, மறுபடி காய்கறி வண்டி தள்ளப் போகிறார். எனக்கும் குறை ஒன்றுமில்லை. நீ தோகாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். போனில் கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய். ஒரு அறையில் ஆறு பேர், வாசலில் சூப்பர்வைசர், வேறு என்னதான் சொல்ல முடியும். அதனால்தான் காகிதத்தில் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்புகிற நம் சந்து டிரைவர் சந்தீப் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ மலையாளத்தைக் கடகடவென்று படிப்பாய், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். உன் சூப்பர்வைசருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மெதுவாகப் படி, இரண்டு தடவை படி.

உன்னைத் தோகா ஓட்டலிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு மாற்றுகிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கலூரில் ஏஜென்ட் அனிலின் ஆபீசுக்குப் போய், எந்தத் தீவு, எந்த ஓட்டல், என் பிள்ளை எப்படிப் பேசுவாள் என்று கேட்டேன். அவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், சேச்சிக்கு எந்தினா டென்ஷன், பார்படோஸ், செயின்ட் லூசியா, ஆன்டிகுவா, மூணு தீவுல ஓட்டல் உண்டு, சீசனுக்குத் தக்க மாத்தி மாத்திப் போடுவாங்க, சிம் கம்பெனி தரும், பழைய சிம்மெல்லாம் அங்க வேண்டா என்றான். பழைய சிம் வேண்டாம் என்றதும் நான் எழுந்து வந்துவிட்டேன். தோகாவில் நீ இறங்கிய அன்றும் இதைத்தானே செய்தார்கள். ஒரு ஊசியைக் குத்தி உன் சிம்மை எடுத்துக்கொண்டு, அவர்கள் சிம்மைப் போட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் பேசவிட்டார்கள். சலவை அறையில் நீ மயங்கி விழுந்த சேதி, உன்னோடு இருந்து வேலையை விட்டு வந்த சுபாஷிணி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமைகூட நீ சுகம் என்றுதான் சொன்னாய். வல்லார்பாடம் துறைமுகத்தில் கிரேன் தூக்குகிற ஒவ்வொரு சரக்குப் பெட்டியும் எந்தக் கடலில் இருக்கிறது என்று முதலாளிகள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கிறார்கள். பெட்டிக்கு இருக்கிற விலாசம் நாம் பெற்று அனுப்புகிற பிள்ளைக்கு இல்லை.

நான் அறை கூட்டுகிற போர்ட் கொச்சி ஹோம்ஸ்டேயில் போன மாதம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தங்கினார்கள். அடுத்த ஊர் போவதற்கு முன்னால் கட்டிலில் கால் நீட்டிக்கொண்டே போனுக்குள் ஒரு புது சிம் ஏற்றிக்கொண்டார்கள். நான் கொண்டுபோய் வைத்த சாயா ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அது என்னவென்று ரிசப்ஷன் பெண் ஸாதனாவிடம் கேட்டேன். இசிம், அக்கா, கையில் பிடிக்கிற அட்டை கிடையாது, போனுக்குள்ளயே குடியிருக்கும் என்றாள். வெளியே எடுக்க முடியுமா என்றேன். முடியாது என்றாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அவர்களுக்கு அது சௌகரியம். உனக்கு அதுதான் வாய்.

ஸாதனாவை உட்கார வைத்தே வாங்கினேன். கரீபியன் பிளான் என்று பெரிதாகப் போட்டிருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் பாதித் தீவு இருக்காது, ஒவ்வொரு தீவும் ஒரு நாடாம். பார்படோசுக்கு மட்டும் வாங்கினால் அடுத்த தீவில் உன்னை இறக்கிய அன்றே ஊமையாகிவிடும். பார்படோஸ், செயின்ட் லூசியா, ஆன்டிகுவா மூன்றும் பெயர் பெயராக இருக்கிறதா என்று பார்த்து, அங்கே நெட் பிடிக்கிற நாளிலிருந்துதான் கணக்கு ஓடும் என்பதையும் கேட்டுக்கொண்டு எடுத்தோம். யூசுப் தன் மொபைல் கடையில், ஸ்கேன் பண்ணினால் போனுக்குள் சிம் ஏறுகிற அந்தக் கட்டம் போட்ட கியூஆர் படத்தை அச்சடித்துக் கொடுத்தான். உன் போனுக்கே படத்தை அனுப்பலாம், ஆனால் அதைத் திறந்து பார்க்க ஆள் இருக்கிறதே, காகிதம் என்றால் நைட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

அங்கேதான் பிசகிப்போனது. போன வருஷம் எவனோ ஒருவன் அப்பாவின் வண்டியில் இருந்த பணம் வாங்குகிற கியூஆர் மேல் தன்னுடையதை ஒட்டிவிட்டுப் போனானே, அதிலிருந்து எந்த கியூஆர் வந்தாலும் முதலில் தானே ஸ்கேன் பண்ணி, யார் பெயர் வருகிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். நான் குளிக்கப் போன நேரத்தில் இதையும் நீ வாங்கி அனுப்பிய போனால் ஸ்கேன் பண்ணி, அது இங்கிலீஷில் கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அமுக்கிவிட்டார். நான் வந்து கத்தியதும், ரோஜா பேருதான் வருதான்னு நோக்கினேன்டி, வேற எவன் பேராவது இருந்தா என்றார். போனோடு அவரையும் இழுத்துக்கொண்டு யூசுப்பிடம் போனேன். அக்கா, இது ஒரு போன்லதான் கேறும், கேறிட்டா எறக்கி வேற போன்ல போட முடியாது என்றான். கூடவே, இனி மாமா பாவக்காய் விக்க பார்படோஸ் போகலாம் என்று சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. விற்ற கம்பெனிக்கு எழுதினால், உங்கள் வருத்தம் புரிகிறது என்று ஒரு மெஷின் பத்துத் தடவை பதில் போட்டது. மனிதர் ஒருத்தர்கூட வரவில்லை. அதை அழித்துவிடுங்கள் என்று நான் சொன்னதற்கு, பிள்ளைக்கு வாங்கின லைன், கிடக்கட்டும் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவரை நான் திட்டின அளவு போதும், நீயும் ஏதும் கேட்காதே.

மறுபடி ஒன்று வாங்கி அந்தத் தாளை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். கவரை என் கையால் ஒட்டியிருக்கிறேன், வேறு ஒருவரிடமும் காட்டாதே, விளையாட்டுக்கு ஸ்கேன் பண்ணிப் பார்த்தாலும் போயிற்று. போன வாரம் பேச்சோடு பேச்சாக உன்னை ஸ்டார் ஹேஷ் பூஜ்யம் ஆறு ஹேஷ் அமுக்கச் சொல்லி, இஐடி என்று நீளமாக ஒரு நம்பர் வருகிறதா என்று கேட்டது இதற்குத்தான். வருகிறது என்றாய், அப்படியானால் உன் போன் ஏற்கும். விமானம் ஏறுவதற்கு முந்தின நாளே, ஹாஸ்டல் வைஃபை இருக்கும்போது, குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு ஏற்று. ஏற்றும்போது போனைப் பாதியில் அணைக்காதே. இடத்துக்குப் போகும்வரை அந்த லைனை ஆஃப் செய்து வை, இறங்கியதும் ஆன் செய்து, அதற்கு மட்டும் ரோமிங் போடு. போனில் இருக்கிற பழைய சிம்மில் ரோமிங் போட்டுவிடாதே, காசை உறிஞ்சிவிடும். புது லைனுக்கு நம்பர் கிடையாது, நெட் மட்டும்தான், வாட்ஸப் நம்பரை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்கு. பிறகு அவர்கள் உன் சிம்மை எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும். சிரித்துக்கொண்டே கொடு.

போனையே கேட்டால் என்ன செய்வது என்று இரவும் பகலும் யோசித்துவிட்டேன். கொடுக்காதே. ஏர்போர்ட்டில் ஜனம் இருக்கும் இடத்திலேயே நின்றுகொள், அவர்கள் வண்டியில் ஏறாதே, எங்களைக் கூப்பிடு. வண்டிக்குள் ஏறின பிறகு லைன் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாது. வேலை போய்விடுமே, அனில் கத்துவானே, அக்கம்பக்கம் சிரிக்குமே என்று அந்த நேரத்தில் நினைக்காதே. சிரிக்கிறவர்கள் யாரும் உனக்காகச் சலவை அறையில் நின்றவர்கள் இல்லை. போக வேண்டாம் என்று இப்போதே தோன்றினாலும் சொல், உனக்காக நான் யார் முன்னாலும் நிற்பேன்.

தலைக்கு எண்ணெய் வை, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. அம்மன் உன் கூடவே வருவாள், அப்பாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, அங்கே இறங்கி லைன் கிடைத்ததும் முதல் செய்தியில் சுகம் என்று எழுதாதே. பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று எழுது.

உன் அம்மா
கற்பகம்