எந்த லினக்ஸ் பேசும்?

மார்ச் 3, செவ்வாய்

காலையில் அப்டேட் கேட்டது, சரி என்றேன். திரும்ப எழுந்த கணினி ஊமை. திரையைப் படித்துச் சொல்லும் குரல் இல்லாவிட்டால் பார்வையற்ற எனக்கு அது வெறும் பலகை. மருத்துவர்கள் பேசிப் பதிந்த குறிப்புகள், நான் தட்டச்சு செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டியவை, உள்ளே மாட்டிக்கொண்டன. இந்த நாட்குறிப்பைப் பழையபடி தாளில் பிரெய்ல் புள்ளிகளாகக் குத்திக்கொண்டிருக்கிறேன்.

திரையில் என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். எழுத்துக் கூட்டினார். "ஆடியோ... எஃப், ஏ, ஐ, எல்."

"ஃபெயில்."

"அதான். ஃபெயிலாம்."

பரீட்சையில் தவறியது தான்தான் என்பது போல அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

மார்ச் 4, புதன்

தங்கையிடம் போனில் பேசினேன். ஒரு கல்லூரியில் கணினிகளைப் பராமரிக்கிறவள் அவள்.

"அக்கா, கணினிய ஓட்டற லினக்ஸ்ல பல வகை. உன்கிட்ட இருக்கறது தினம் தினம் புதுசு இறக்கறது. எது எப்ப உடையும்னு செய்யறவங்களுக்கே தெரியாது. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாறுறது ஒண்ணு இருக்கு. நடுவுல பாதுகாப்பு ஓட்டைய மட்டும் அடைப்பாங்க. அதைப் போட்டுக்கோ."

"அதுல வாசிக்கிற மென்பொருள் பழசு. ஆஸ்பத்திரியோட இணையப் பக்கத்தை அது சரியாப் படிக்காதே."

"ரெண்டும் ஒண்ணா வேணும்னா எப்படிக்கா?"

எப்படியா? எனக்கென்ன ஆசையா? மற்றவர்களுக்கு அப்டேட் கெட்டால் எரிச்சல். எனக்கு, யாரோ வீட்டுச் சுவர்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி.

மார்ச் 5

ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டார். திங்கள் வரை பொறுப்பாராம்.

மார்ச் 8, ஞாயிறு

தங்கை நேரில் வந்து, ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாறும் அந்த நிதானமானதைப் போட்டாள். குரல் வந்தது. ஆனால் பயந்தபடியே, ஆஸ்பத்திரிப் பக்கத்தில் 'அனுப்பு' பொத்தானைத் தாண்டிக் குதிக்கிறது, அங்கே ஒன்றுமே இல்லை என்பது போல. இவர் எட்டி மவுஸால் அழுத்தினார்.

"இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?"

கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மாலையில் தங்கை மூன்றாவதாக ஒன்றைப் போட்டாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுவதாம், ரொம்பப் பழசுமில்லை புதுசுமில்லை. குரலும் வந்தது, பொத்தானும் கிடைத்தது. மூவரும் சத்தமாகச் சிரித்தோம்.

மார்ச் 12, வியாழன்

மேற்பார்வையாளர் அம்மா: "மருந்து ஒவ்வாமை இல்லை இல்லைனு அனுப்பியிருக்கீங்க. அந்த ஆளுக்கு இருக்கா, இல்லையா?"

நேற்று சரிபார்க்கும்போது குரல் "ஒவ்வாமை" என்பதோடு நின்றது. 'இல்லை'யை விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து இன்னொன்று போட்டேன்.

தங்கை தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒலிப் பகுதி புதுசுக்கா. நிறைய பேருக்குக் கடைசி வார்த்தை விழுந்துடுதாம். அடுத்த பதிப்புல சரியாகலாம்."

ஆகலாம். அதுவரைக்கும்? காது கொடுத்துத்தானே கேட்டேன். அது சொல்லலையே. நான் என்ன பண்ணுவேன்? யாருடைய உடம்பு அது — ஒருநாள் 'இல்லை' நிஜமாகவே விட்டுப்போய், அது எனக்குத் தெரியாமலே போனால்?

மார்ச் 15, ஞாயிறு

தங்கையிடம் நிதானமானதையே திரும்பப் போடச் சொன்னேன்.

"மாமா ஊர்ல இல்லாத நாள்ல என்னக்கா பண்ணுவே?"

தெரியவில்லை. வார்த்தை முழுசாக என் காதில் விழவேண்டும். அதற்குமேல் கேட்க எனக்கு வழியில்லை. பொத்தானைச் சரிசெய்யச் சொல்லி மேற்பார்வையாளர் அம்மா ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்கு எழுதியிருக்கிறாராம். "பார்க்கிறோம்" என்று பதில் வந்ததாம்.

மார்ச் 19, வியாழன்

இவர் லாரியோடு வெளியூர் போய்விட்டார். குறிப்புகள் மதியமே தயார். அனுப்ப ஆளில்லை. கதவருகே நின்று, பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

பக்கத்து வீட்டம்மா உடனே வந்தார், நல்ல மனசு. அழுத்துவதற்கு முன் திரையைப் படித்தார். "அட, இவங்க எங்க தையல்கார அம்மா இல்ல? அவங்களுக்கா இது?"

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். "நான் ஏன் சொல்றேன்" என்றார். இனி அவரைக் கூப்பிட முடியாது. வேறு யாரையும்தான்.

மார்ச் 20

இரவெல்லாம் அந்தத் தையல்கார அம்மாவின் நினைப்பு.

ஏப்ரல் 6, திங்கள்

இவர் வெளியூர் லோடை விட்டுவிட்டார். இனி உள்ளூர் வண்டி மட்டும். நான் கேட்கவில்லை. நான் கேட்கவே இல்லை.

"முதலாளிகிட்ட என்ன சொன்னீங்க?"

"முதுகு வலின்னேன்."

"வலிக்குதா?"

"இந்த வயசுல யாருக்குத்தான் வலிக்கல."

இப்போதெல்லாம் சாயங்காலம் வந்ததும் கை கழுவுகிறார். என் பின்னால் வந்து நிற்கிறார். "ஆச்சா?" என்கிறார். நாற்காலியை நகர்த்தி இடம் விடுகிறேன். திரையில் பார்த்த பெயர் எதையும் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. டக்கென்று ஒரு சத்தம், குறிப்புகள் போய்விடுகின்றன.

மாற்றிப் போட்ட பிறகு கணினி ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. அவர் கை படாமல் என் வேலை முடிகிற நாளும் இனி ஒன்றில்லை.