உனக்கு நான் வைத்த முற்றுப்புள்ளி

நண்பனே,

பதாகை ஒன்று அச்சாகி முடிந்து காய்ந்துகொண்டிருக்கிறது. கடை முழுக்க மை வாசனை. உனக்கு இந்த வாசனை பிடிக்கும், எனக்குத் தலைவலி. இப்போதெல்லாம் தலைவலியோடு உன் ஞாபகமும் வந்துவிடுகிறது.

தலவாக்கலையில் நாம் இருவரும் இந்தக் கடையைத் திறந்த நாளிலிருந்து நமக்குள் ஒரே சண்டைதான். யாராவது தவறிவிட்டால் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கேட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருவார்கள். 'இறைவனடி சேர்ந்தார்' என்று அடித்து நான் முற்றுப்புள்ளி வைப்பேன். தேநீர் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நீ அதை மூன்று புள்ளியாக்கியிருப்பாய்.

"வாக்கியம் முடிஞ்சிருச்சுடா" என்பேன்.

"வாக்கியம் முடியட்டும். ஆளையும் சேத்தா முடிக்கிறே?" என்பாய். உனக்குப் பதில் மட்டும் எப்போதும் தயாராக இருக்கும், வேலைதான் பிந்தும்.

திம்புள்ளைப் பக்கமிருந்து மகனின் பதாகையை வாங்க ஓர் அம்மா வந்தாரே, நினைவிருக்கிறதா? அந்தப் புள்ளிகளைத் தொட்டு, "இது என்னாங்க தம்பி?" என்று கேட்டார். "இன்னும் இருக்குன்னு அர்த்தம்மா" என்றாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். "அவனும் அப்படித்தான். பேச்ச பாதியில விட்டுட்டு வெளிய போயிருவான்" என்றார். அதற்குப் பிறகு நான் உன்னோடு வாதாடவில்லை.

கடைசியில் உனக்கே நான் பதாகை அடிக்க வேண்டி வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நான் யோசிக்கவே இல்லை, மூன்று புள்ளி வைத்து மாதிரியை உன் மனைவியின் போனுக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"அண்ணே, ஒரு புள்ளி போதும்ண்ணே."

"அவனுக்கு இதுதாம்மா பிடிக்கும்."

"தெரியும்ண்ணே. ஆனா அவரு படிக்கப் போறதில்லயே. மக படிப்பா. பொட்டிய பாத்தும் அவ அழல. அப்பா சாமான் வாங்கக் கொழும்புக்குப் போயிருக்காருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கா."

எத்தனையோ பேரை ஆற்றிய உன் புள்ளிகள் உன் வீட்டிலேயே ஒரு பிள்ளையை வாசலில் காக்க வைக்கப் பார்த்தன. இரண்டை அழித்தேன். உன்னை அப்போதுதான் நான் அனுப்பிவைப்பது போலிருந்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

பதாகையை உங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் கட்டினோம். உன் மகள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். முடித்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அப்பா வர மாட்டாரா மாமா?"

"வர மாட்டாரு கண்ணு."

அப்போதுதான் அழுதாள். உன் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அடிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். "வீட்டுல இத யாருங்க படிப்பாங்க?" சிலர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இன்று காலை அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு பெரியவர், மனைவியின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். அவரிடமும் கேட்டேன்.

"நான்தான் தம்பி. வேற யாரு இருக்கா."

மூன்று புள்ளி வைத்தேன்.