காந்தம் மிதந்த வாரம்

ஞாயிறு காலை

அன்புள்ள லொரேட்டா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் வலது மணிக்கட்டைத் தவிர. பயப்படாதே, அது சந்தோஷத்தில் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டிருப்பதால் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு சொல்கிறார், நான் எழுதுகிறேன். அறிவுரை எல்லாம் அவருடையது, மற்றது என்னுடையது. பராகுவேயில் நீயும், நீ தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுக்கும் பிள்ளைகளும், உன் தேனீக்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறோம். உன் போன கடிதத்தோடு இரண்டு எறும்புகளும் உயிரோடு வந்து சேர்ந்தன. இவ்வளவு தூரம் வந்தவை என்று அம்மா அவற்றுக்குச் சர்க்கரை வைத்தாள்.

நான் முதலில் கவனித்தது ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு. போன வெள்ளிக்கு முந்தைய வெள்ளி மதியம் அப்பாவின் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அப்பாவும் அவருடைய மாணவன் டெல்பர்ட்டும் எனக்கு முதுகைக் காட்டியபடி, மின்தடையை அளந்து காகிதத்தில் கோடு இழுக்கும் கருவியின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் பாதியாக வெட்டிய தெர்மோகோல் குவளை, அதில் திரவ நைட்ரஜன் வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. நடுவே டெல்பர்ட் உலையில் சுட்டெடுத்த கறுப்பு வில்லை, கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதன்மேல் ஒரு குட்டிக் காந்தத்தை வைத்துவிட்டு, இதுவும் பழையபடி ஒன்றும் நடக்காத வில்லைதான் என்று முடிவுகட்டி, அவன் அந்தப் பக்கம் திரும்பியிருந்தான். எனக்கோ காந்தத்துக்கும் வில்லைக்கும் இடையில் ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. என்னைத்தான் உனக்குத் தெரியுமே, வாய் வரவில்லை, அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "என்ன ஜோலின், அம்மா கடுகுச் சாஸ் வைக்க மறந்துட்டாளா?" என்றார். நான் விரலை நீட்டினேன். அப்பா மண்டி போட்டார். சாப்பாட்டுப் பையின் ஓரத்தைக் கிழித்துக் காந்தத்துக்கு அடியில் நுழைத்தார், காகிதம் எதிலும் இடிக்காமல் அந்தப் பக்கமாக வெளியே வந்தது. அப்புறம் எழுந்து குதித்தார் அக்கா, ஐம்பத்தெட்டு வயதில், இரண்டு காலும் தரையை விட்டு. இறங்கும்போது கீழே ஆக்சிஜன் குழாய் கிடந்தது. தரையில் கிடந்தபடியே "மிதக்குதுடா டெல்பர்ட், மிதக்குது!" என்று கத்திக்கொண்டிருந்தார். டெல்பர்ட் அவரைத் தூக்கவில்லை, மேசையைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தான்.

மருத்துவமனையில் டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டதற்கு, "விழல டாக்டர், குதிச்சேன்" என்று அப்பா திருத்தினார். அம்மா அங்கேயே பிடித்துக்கொண்டாள். "முப்பது வருஷமா விஞ்ஞானம் படிச்சு என்ன பிரயோஜனம்? குதிக்கிறதுக்கு முன்னாடி கீழ பாக்கணும்னு தெரியலையே!" அப்பா டாக்டருக்கு, தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் பீங்கான், அது காந்தத்தைத் தன் பக்கம் அண்ட விடாது என்றெல்லாம் கட்டுப் போட்டு முடிக்கும்வரை விளக்கினார். மறுநாளே அந்த டாக்டர் நர்சையும் அழைத்துக்கொண்டு பார்க்க வந்துவிட்டார். அவர் மட்டுமா. பனிக்காலம் முழுக்க நாடெங்கும் இந்தப் பீங்கானைப் பற்றியே பேச்சு, எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உலை எரிகிறது, நம் ஊரில் மட்டும் ஒவ்வொரு வில்லையும் பச்சை நிறமாக வெந்து வந்து மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது, பச்சை என்றால் காந்தம் மிதக்காது. பீங்கான் பாடம் நடத்தும் அப்பாவை இத்தனை வருடமாகத் தரை ஓடு வாத்தியார் என்று கேலி செய்த இயற்பியல் துறைக்காரர்கள் இப்போது உலை கடன் கேட்டு அப்பாவின் துறை மாடிப்படியில் வரிசையில் நிற்கிறார்கள். அப்பா அவர்களைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் கொடுக்கிறார். இதை எழுதாதே என்கிறார், எழுதிவிட்டேன். நடுவில் அவர் உனக்குச் சொல்லச் சொன்னது: தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, கொதித்த மாதிரி இருந்தால் போதாது, கொதிக்க வேண்டும்.

டெல்பர்ட்டைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? பன்றிப் பண்ணைக்காரர் ஓக்ஸ் என்பவரின் இளைய மகன். காதுகள் கொஞ்சம் பெரியவை, சிரித்தால் அசையும். அவனுடைய அண்ணன் பண்ணையை விட்டு டென்வருக்குப் போய்விட்டதால் இவன் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வரவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. காந்தம் மிதந்த அன்று அவன் வீட்டுக்குப் போன் செய்து தானும் ஒரு குதி குதித்திருக்கிறான். அப்புறம் அவன் அப்பா, "அடுத்த சனிக்கிழமை வண்டிய எடுத்துக்கிட்டு வரேன். அடுப்புல அப்படி என்னத்த வேக வைக்கிறேன்னு எங் கண்ணுக்குக் காட்டு. பாத்துட்டு, நீ வண்டியில ஏறணுமா அங்கேயே இருக்கணுமான்னு சொல்றேன்" என்றாராம். வண்டியில் அவனுடைய கட்டிலை ஏற்றுவதற்குக் கயிறும் கொண்டுவருவதாகச் சொன்னாராம். டெல்பர்ட்டுக்குக் கவலையே இல்லை. "ஒரு காந்தம் அந்தரத்துல நிக்குது, அத பாத்துட்டுமா என்ன பன்னி மேய்க்கக் கூப்பிடுவாரு?" என்று கூடத்துச் சாமான்களை நான் எடுத்துக் கொடுக்கும் பொருள் அறை ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னான். நான் அவனுக்குக் கையுறை எடுத்துக் கொடுத்தேன். இரண்டும் இடது கை.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு முட்டாள்தனம் செய்தோம். பேக்கரிக்காரர் வந்தார், கூடைப்பந்துப் பையன்கள் முழு அணியாக வந்து குனிந்து பார்த்தார்கள், போதகர் இரண்டு முறை வந்தார், இரண்டாவது முறை தன் மாமியாரோடு. வந்தவர்களுக்கெல்லாம் டெல்பர்ட் நைட்ரஜன் ஊற்றிக் காட்டினான், அம்மா பாதாமி பழம் வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டு அனுப்பினாள். ஒவ்வொரு முறை காட்டி முடித்ததும் அந்தக் குளிர்ந்த வில்லைமேல் பனி பூக்கும், பனி உருகி ஈரமாகும், யாராவது ரொட்டி தின்ற கையைத் துடைத்த காகிதத்தாலேயே அதையும் துடைத்துப் பெட்டியில் போடுவார்கள். ஈரம் பட்டால் அது கெட்டுப்போகும் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், சந்தோஷத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. வியாழக்கிழமை நகராட்சித் தலைவர் வந்தபோது காந்தம் வில்லைமேல் கல்லு மாதிரி உட்கார்ந்துகொண்டது. டெல்பர்ட் இன்னும் நைட்ரஜன் ஊற்றினான். உட்கார்ந்தே இருந்தது. தலைவர் மரியாதைக்காக, "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ரொட்டி எடுத்துக்கொண்டு போனார். அப்பா கட்டுப் போட்ட கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார், "காட்டிக் காட்டியே கொன்னுட்டோமே!" என்றார். டெல்பர்ட்டின் காதுகூட அசையவில்லை. அன்றைக்கே கல்வத்தில் புதிதாகப் பொடி அரைத்து, வில்லை தட்டி, உலையில் வைத்தான். உலை மெல்ல மெல்ல ஆறினால்தான் வில்லை ஆக்சிஜனைக் குடிக்கும், அவசரப்பட்டுத் திறந்தால் வெறும் கரி. எப்படிப் பார்த்தாலும் சனிக்கிழமை மதியத்துக்கு முன் திறக்க முடியாது. பக்கத்துப் பரிசோதனை அறை மாணவன் ஒருவன், "காந்தத்த மீன் பிடிக்கிற நரம்புல தொங்க விடுடா, கிழவருக்குக் கண்ணு தெரியவா போகுது?" என்றான். டெல்பர்ட், "எங்கப்பாவ ஏமாத்தித்தான் இங்க இருக்கணும்னா நான் இப்பவே போயிடறேன்" என்று சொல்லிவிட்டு உலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

சனிக்கிழமை காலை நான் பொருள் அறை ஜன்னலைத் திறந்தபோதே திரு. ஓக்ஸ் வெளியே நின்றுகொண்டிருந்தார். உயரமான மனிதர், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார், பக்கத்தில் கயிற்றுச் சுருள். "டெல்பர்ட்டு?" என்றார். நான் உலை இருக்கும் பக்கம் காட்டினேன். "ஆச்சா?" என்றார். நான் இல்லை என்று தலையை ஆட்டி, "பழசு கெட்டுப்போச்சு. புதுசு மத்தியானம்தான்" என்றேன். ஒரு புதிய ஆளிடம் இந்த வருடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அவர் யோசித்தார். "அவசரப்படுத்தினா?" "கெட்டுடும்." "பன்னி குட்டி போடறதும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஒரு காலி பீப்பாயைக் கவிழ்த்து ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். அக்கா, அப்புறம் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அது நன்றாக இருந்தது. அவர் ஒரு புதினா மிட்டாய் நீட்டினார். நான் கொலாச்சி நீட்டினேன். நெடுநேரம் கழித்து, "நீ பள்ளிக்கூடம் போகலையா?" என்றார். "விட்டுட்டேன். எழுந்து நின்னு பேசச் சொல்வாங்க" என்றேன். அவர் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "நானும் அதுக்குத்தாம்மா விட்டேன்" என்றார்.

மதியம் உலையைத் திறந்தபோது இயற்பியல்காரர்கள் உட்பட எல்லோரும் அங்கே இருந்தார்கள். வில்லை கறுப்பாக இருந்தது, அதற்கே பாதிப் பேர் கைதட்டினார்கள். நைட்ரஜனை நான்தான் ஊற்றுவேன் என்று அப்பா பிடிவாதமாக வாங்கி இடது கையால் ஊற்றினார், பாதி மேசையில் ஓடியது. கொதிப்பு அடங்கியதும் டெல்பர்ட் காந்தத்தை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்க்கவே மாட்டேன் என்கிறான். திரு. ஓக்ஸ்தான் குனிந்து, மூக்கு குவளையைத் தொடுகிற மாதிரி பார்த்தார். அந்தப் பெரிய விரலால் காந்தத்தின் ஓரத்தை மெல்லத் தட்டினார். அது அந்தரத்தில் நின்றபடியே சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது, நிற்கிற மாதிரித் தெரியவில்லை. "இத எதுவும் தாங்கலையா?" என்றார். "எதுவும் தாங்கலப்பா" என்றான் டெல்பர்ட், கண்ணைத் திறக்காமலே. அவர் நிமிர்ந்தார், தொப்பியைத் தலையில் வைத்தார். "சரி, நீ இரு. பன்னிங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். அப்போது எல்லோரும் போட்ட கூச்சலை நீ கேட்டிருக்க வேண்டும் அக்கா, பராகுவேயில் கேட்டிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. இந்த முறை அப்பாவைக் குதிக்க விடாமல் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் திரு. ஓக்ஸ் போகவில்லை. "ஊர்ல எல்லாரும் எம் பையன் ஏன் வரலன்னு கேப்பாங்க. காந்தம் காத்துல நிக்குதுன்னு நான் சொன்னா, குடிச்சிருக்கேன்னுவாங்க. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் விவசாயிங்க கூடத்துல சாப்பாடு இருக்கு. அங்க வந்து காட்டட்டும்" என்றார். அப்பா ஆவலாக விளக்கம் சொல்ல நானும் வருகிறேன் என்றார். "நீங்க கைய பாத்துக்குங்க ஐயா" என்று அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "டெல்பர்ட்டு ஊத்துவான். பேச வேண்டியவன் நான். கூட்டத்துல நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். நீ பக்கத்துல நில்லும்மா. ரெண்டு பேருக்கும் ஒட்டிக்கிச்சுன்னா ஆளுக்குப் பாதியாப் பேசிக்கலாம்" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டெல்பர்ட்டின் காது அசைந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நேற்று இரவே அம்மா என் நீல உடைக்கு இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டிருக்கிறாள்.

அப்பா இப்போது சொல்லச் சொல்வது: ஜூலையில் உங்கள் பக்கம் குளிர்காலம், கம்பளிக் காலுறையை யாருக்கும் தானம் செய்துவிடாதே. தேன்கூட்டைத் திறக்கும்போது வலையை இறக்கிக்கொள். கடவுள் உன்னையும் உன்னிடம் படிக்கிற பிள்ளைகளையும் நன்றாக வைக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் உன் எடையை உண்மையாக எழுது.

இப்படிக்கு,
இடது கையால் கையெழுத்து மட்டும் கிறுக்கும் உன் அப்பா எமில் குபிசெக், அம்மா, ஜோலின்

வாசலில் திரு. ஓக்ஸின் வண்டி ஹாரன் அடிக்கிறது. நான் போய் நீல உடையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.