கோடுகள் ஆடிய வெள்ளிக்கிழமை

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு.

அன்புள்ள கார்த்திகன் அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் கதைத்தால் நீங்கள் அழுவீர்கள், நான் சமாதானம் சொல்ல வேண்டிவரும். அதனால் எழுதுகிறேன். நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள். இடது கண் இன்னும் திறக்கவில்லை.

புருஷன் பிரியந்தனை விட்டு வந்தபின் கிடைத்த இந்த வேலையைப் பற்றி நீங்கள் கேட்டதில்லை. பந்துபோல ஒரே சீராக வளையாத கமரா லென்ஸ்களைச் சோதிக்கிறேன். லேசர் ஒளி லென்ஸில் பட்டுத் திரும்பி, திரையில் கோடுகளாக விழும். வளைவு சரியென்றால் கோடுகள் நேராக இருக்கும். மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் நெளியும். அளக்கும்போது ஏசியையும் நிறுத்திவிடுவோம். யாராவது நடந்தாலே கோடுகள் ஆடும். கூட வேலை செய்யும் ஹியூபேட் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

வெள்ளிக்கிழமை கோடுகள் ஆடின. துறைமுகத்துக்குப் போகும் லொறி என்று நினைத்தேன். லொறியென்றால் ஒரே நடுக்கமாக இருக்கும். இது விட்டுவிட்டு ஆடியது. ஒரு காலை அழுத்தி வைக்கும் நடை. நாங்கள் குடியிருந்த வெள்ளவத்தை ஃபிளட்டின் படிகளில் அந்த நடையைக் கேட்டுத்தானே இத்தனை வருடம் ரேடியோவை நிறுத்தினேன். பிரியந்தன்தான் என்று தெரிந்தும் நான் எழும்பவில்லை. அளவு முடியச் சில நொடிகள் இருந்தன. அசைந்தால் கெட்டுவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன்.

உள்ளே வந்தவர் தலைமுடியைப் பிடித்துக் கல்மேசையில் என் முகத்தை மோதினார். மறுபடியும் மோதினார். லென்ஸ் விழுந்து நொறுங்கியது. அதைத் தாங்கும் இரும்பு வளையம் என் கையில் அகப்பட்டது. அடித்தேன். அவருடைய பல் தெறித்தது. அவர் விழுந்த பிறகும் அடித்தேன், அண்ணா. "விடுங்க மிஸ், செத்துருவான்" என்று ஹியூபேட் இழுத்துத்தான் நிறுத்தினார்.

இப்போது ஆஸ்பத்திரியில் படுத்தபடி என்மேல் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். பொலிஸில், இது வீட்டுச் சண்டைதானே, சமாதானமாகப் போங்கள் என்கிறார்கள். கொல்லத்தான் வந்தார் என்பதற்குச் சாட்சி கேட்கிறார்கள்.

"அவளைக் கொல்லாமல் விடமாட்டன்" என்று அவர் உங்களிடம் போனில் சொன்னதாகப் போன கிழமை நீங்களே சொன்னீர்கள். சும்மா கோபத்தில் கதைக்கிறான், நீதான் கொஞ்சம் தணிந்து போக வேணும் என்றும் சொன்னீர்கள். அவர் சொன்னதை மட்டும் ஒரு சத்தியக் கடதாசியில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அதில்லாவிட்டால் உள்ளே போவது நான்தான் என்று சட்டத்தரணி சொல்கிறார்.

இந்த வேலையிடத்தின் முகவரியை உங்களுக்கு மட்டும்தான் தந்திருந்தேன். அதை நான் பொலிஸில் சொல்லவில்லை. அண்ணி கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

எழுதும்போது உங்கள் கை நடுங்காமல் இருக்கக் கதிர்காமக் கந்தனை வேண்டுகிறேன்.

உங்கள் தங்கை,
மேனுகா