வேலுவின் மேல் கட்டிய பிராது

முருகனுக்கு அடுத்தபடியாக நான் கும்பிடும் என் அப்பாவுக்கு,

அன்றைக்கு நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்காலியில் நீங்கள். பக்கத்து பெஞ்சில் என் வீட்டுக்காரர். பாயில் சுமதியின் அம்மாவும் அவளுடைய தாய்மாமனும். இரண்டு பேரும் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்கள். வாசல் நிலையைப் பிடித்தபடி தம்பி வேலு, சூளை வேலையிலிருந்து அப்படியே வந்ததால் முழங்கை வரை வெள்ளை மண்ணோடு. கையில் நோட்டுடன் நான். ஏழாவது ஆள் சுமதி, வேலுவின் பெண்டாட்டி. அவளுக்காகத்தான் கூடினோம். ஆனால் அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை அப்பா. யார் படித்தாலும் படிக்கட்டும். வேலு பெண்டாட்டியை அடிக்கிறான் என்று செராமிக் சூளைகளுக்குப் பக்கத்து டீக்கடை வரைக்கும் பேசினார்கள். அது பொய் என்பதும் அதே டீக்கடை வரைக்கும் போகட்டும். ஒரு வருஷமாக என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பூசையில் பாதியில் எழுந்து வாசலுக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று திரும்பி வருகிறேன். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு மறுபடியும் அளக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போன வருஷம் சித்திரையில் சுமதிக்கு டைபாய்டு வந்தது. ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். விட்டது, திரும்ப வந்தது. மறுபடியும் டாக்டரிடம் போகாமல் பழைய சீட்டையே மெடிக்கலில் காட்டி அதே கேப்சூலை வாங்கினோம். இப்படி மூன்று தடவை. வாங்கி வரச் சொன்னது நான். பத்தியம் வைத்ததும் நான். வாரப் பத்திரிகையில் வரும் மருத்துவக் குறிப்பையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேனே, அந்தத் தைரியம். எட்டாவதோடு நின்றவளுக்குத் தெருவில் ‘டாக்டரக்கா’ என்று பேர் வேறு. குடல் புண்ணாகியிருக்கும், கீரை செரிக்காது, எண்ணெய் ஆகவே ஆகாது என்று நானே முடிவு கட்டினேன். இரண்டு வீடு தள்ளியிருந்து மூன்று வேளையும் நானே கொண்டுவந்து கொடுத்தேன். கஞ்சி, ரஸ்க், ரசம் சாதம், எண்ணெய் தொடாத இட்லி. இரண்டு மாதத்துக்கு மேல் இதேதான்.

“ஒரே ஒரு வாய் முருங்கக்கீர அண்ணி. நாக்கு செத்துப் போச்சு” என்று கேட்டாள்.

“காய்ச்ச திரும்ப வந்தா நீயா பாப்ப? குடுக்கிறத சாப்புடு.”

“சரிங்க டாக்டரக்கா” என்று சிரித்தாள். ஒரு நாள் கூடப் பத்தியம் மீறவில்லை அந்தப் பெண்.

ஆனியில் அவள் முன்னங்கையில் நீலமாக ஒரு கன்றல் பார்த்தேன். “எங்க இடிச்சிக்கிட்ட?” என்றால், “தெரியலிங்க அண்ணி” என்றாள். நாலு நாள் கழித்துத் தோளில் ஒன்று. பிறகு தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு. பல் தேய்த்தால் துப்புவதெல்லாம் ரத்தம். ஒவ்வொன்றுக்கும் அதே பதில்தான், எங்கே இடித்தேன் என்று தெரியவில்லை. எந்தப் பெண்தான் புருஷன் அடித்தான் என்று உடனே சொல்வாள்? வேலுவுக்கோ மூக்குக்கு மேல் கோபம். தீபாவளியன்று சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தவன். நான் யாரிடமும் சொல்லாமல் பால் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன், தேதி, இடம், அளவு. இடப்பக்கம் அவள் சாப்பிட்டது, வலப்பக்கம் அவள் உடம்பில் கண்டது.

அந்த நோட்டை வைத்துத்தான் அன்றைக்குப் பேச்சு நடந்தது.

“பொண்ணக் கட்டிக் குடுத்தமா, அடி வாங்கக் குடுத்தமாண்ணே?” என்று சுமதியின் அம்மா அழுதார்கள்.

“நான் தொடவே இல்லப்பா. காய்ச்சக்காரிய எவனாவது அடிப்பானா?” என்றான் வேலு.

“தீவாளிக்கு வட்டலத் தூக்கிப் போட்ட ஆளுதான மாப்ள நீ? வட்டலு வந்து வலிக்குதுன்னு சொல்லாது” என்றார் தாய்மாமன்.

கதவுக்குப் பின்னாலிருந்து சுமதி, “அவரு அடிக்கலிங்க மாமா” என்றாள், உங்களைப் பார்த்து. “நீ சும்மா இருடி. நீ அப்படித்தான் சொல்லுவ” என்று அவள் அம்மா அடக்கிவிட்டார்கள். அவள் இல்லை என்று சொன்னதே நமக்கெல்லாம் ஆமாம் என்று கேட்டது அப்பா.

நீங்கள், “கோமதி, நோட்டப் படி” என்றீர்கள். படித்தேன். வலப்பக்கத்தை மட்டும். ஒன்பது இடம். “கோமதி எழுதினா தப்பாது” என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றீர்கள். “இனிமே நீ என் வாசப்படிய மிதிக்காதடா.” வேலு என்னைத்தான் பார்த்தான். உங்களை அல்ல.

சுமதியை அன்றைக்கே அம்மா வீட்டுக்கு அனுப்பினோம். மீதிக் கேப்சூலையும், பத்தியம் தவறக் கூடாது என்று ஒரு சீட்டையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை மணவாளநல்லூருக்குப் போனோம், நீங்களும் நானும். மனுஷரிடம் சொல்லித் தீராததைக் காகிதத்தில் எழுதிக் முருகன் கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டுவது நம் பக்கத்து வழக்கம்; அந்தப் பிராதைச் சாமி விசாரிப்பார், தீர்ந்ததும் போய்த் திரும்ப வாங்க வேண்டும். காகிதத்தை என்னிடம் நீட்டினீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘என் மகன் பழனிவேல் கட்டிய மனைவியைக் கை நீட்டி அடிக்கிறான். நீயே கேட்க வேண்டும்.’ கீழே உங்கள் கையெழுத்து. ஒரு பிள்ளையின் மேல் அப்பா சாமியிடம் வழக்குப் போட்டார், அக்கா எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பதினெட்டாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். டீயைக் குடித்துவிட்டு நெஞ்சை நீவினீர்கள், அவ்வளவுதான். முதல் நாள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். “அந்தப் பொண்ணு அங்க எப்புடி இருக்குது? காயமெல்லாம் ஆறிடுச்சாமா?” ஆறியிருக்கும்ப்பா என்றேன், விசாரிக்காமலே. அப்போதே உங்களுக்கு ஏதோ சந்தேகம் வந்துவிட்டதா? வந்திருந்தால் ஏன் சொல்லவில்லை?

வேலு வந்தான். நீங்கள் சொன்ன சொல்லை மீறவில்லை. வாசப்படி ஏறாமல் தெருவிலேயே நின்றான். வெயிலில், செருப்பு இல்லாமல். உங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் பக்கத்தில் வந்தான். கொள்ளி வைத்துவிட்டு அங்கிருந்தே போய்விட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வரவில்லை.

இனி நீங்கள் அறியாதது.

சுமதிக்கு அம்மா வீட்டிலும் கன்றல் வந்தது அப்பா. “எங்க வூட்ல யாரும்மா அவள அடிச்சாங்க?” என்று அவள் அம்மா என்னிடம் போனில் கேட்டார்கள். அப்போதும் அந்த மாமன் விடவில்லை. “மாப்ள நமக்குத் தெரியாம பஸ்ஸேறி வந்து அடிச்சிட்டுப் போறாரோ?” என்றாராம். எங்களுக்கு அப்படியெல்லாம் யோசிக்கத் தெரிந்தது. உடம்புக்கு என்ன என்று யோசிக்கத் தெரியவில்லை.

ஆடி முடியும்போது ஒரு நாள் காலை அவளுக்கு மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது. அண்ணாந்து பார்க்க வைத்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், இரண்டு துண்டு நனைந்தும் நிற்கவில்லை. விருத்தாசலத்துக்குக் கொண்டுவந்து ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். நானும் ஓடினேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உறைவதற்கு எடுக்கும் நேரம் மிகவும் அதிகமாக இருக்கிறது, ஈரலில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. “ரொம்ப நாளா என்ன சாப்புடுறாங்க? என்ன மாத்திர?”

நோட்டு என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கத்தையும் விரித்து வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தார். பிறகு வலப்பக்கம். மறுபடியும் இடப்பக்கம்.

“இந்தப் பத்தியம் யாரு வெச்சது?”

“நான்தாங்க.”

“இந்தக் கேப்சூல இத்தன நாளு யாரு குடுக்கச் சொன்னது?”

“அதுவும் நான்தாங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. நிதானமாகச் சொன்னார். “ரத்தம் கட்டி நிக்க ஈரல் சில சாமான் செய்யுதும்மா. அதுக்கு வைட்டமின் கே வேணும். கீரையிலதான் அது நெறைய. குடல்ல இருக்கிற நல்ல கிருமியும் கொஞ்சம் செய்யும். நீங்க கீரைய நிறுத்திட்டீங்க. இத்தன நாளு மாத்திர குடுத்து அந்தக் கிருமியையும் அழிச்சிட்டீங்க. எண்ணெயும் இல்லாம சாப்புட்டா, இருக்கிற கொஞ்சமும் ஒடம்புல சரியா ஏறாது. அப்புறம் லேசா பட்டாலே உள்ள கசிஞ்சி கன்றிப் போவும். மூக்குல வந்ததோட போச்சு. மூளையில கசிஞ்சிருந்தா?”

ஏ, பி, சி, டி எல்லாம் பத்திரிகையில் படித்திருக்கிறேன் அப்பா. கே என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பிறந்த குழந்தைக்குக் கூட அந்த ஊசியைப் போடுவார்களாம். சுமதிக்கும் அதைத்தான் போட்டார்கள். மறுநாள் காலையில் மூக்கில் வைத்த பஞ்சு காய்ந்திருந்தது. ரத்தம் சரியான நேரத்தில் உறைந்தது. அந்தக் கன்றல்களெல்லாம் மஞ்சளாகி மங்கின. புதிதாக ஒன்றும் வரவில்லை.

அவள் உடம்பை அடித்தது என் பத்தியம். அதை வேலுவின் கை என்று எழுதியதும் நான். இரண்டும் ஒரே நோட்டில், எதிரெதிர்ப் பக்கத்தில் கிடந்தன. நான் ஒரு நாளும் சேர்த்துப் படிக்கவில்லை.

வேலுவிடம் போய்ச் சொன்னேன். அவன் வேலை செய்யும் சூளைக்குப் பின்னால், உடைந்த கோப்பைகள் குவித்திருக்கும் இடத்தில் நின்று கேட்டான்.

“அக்கா, அந்த நோட்டுல நான் அடிச்சேன்னு எழுதியிருந்தியா?”

“இல்லடா. தேதியும் எடமுந்தான்.”

“அப்ப நான் அடிச்சேன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான்.

சுமதி அவனோடு வந்துவிட்டாள். ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் ஒரு அறை எடுத்து இருக்கிறார்கள். அவள் என்னை மன்னித்துவிட்டாள், அதுதான் தாங்க முடியவில்லை. “இன்னிக்கு அரக்கீர கடைஞ்சேன் அண்ணி. நோட்டுல எழுதிக்கிங்க” என்று கேலி பேசுகிறாள். வேலு என்னைப் பார்த்தால் எழுந்து வெளியே போகிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தலைத்திதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டியவன் அவன் ஒருவன்தான். போன வாரம் சுமதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனிடம் கேட்டேன். சூளையில் பேசியதற்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

“எம்மேல வழக்கு அங்க அப்புடியேதான கட்டியிருக்குது? குத்தவாளி குடுக்கிற பிண்டம் அவருக்கு எதுக்கு?”

“நான் போய் எடுத்துடறேண்டா.”

“நீ எடுத்தா ஆச்சா? நீயா கையெழுத்துப் போட்ட? அப்பா போட்டாரு. அப்பா தப்புன்னு சொல்லணும். அப்புறம் வரேன்.”

மணவாளநல்லூர் போய்க் கேட்டேன். அங்கே ஒரு பெரியவர், “கட்டினவரு இல்லன்னா அவரு புள்ளைங்க வந்து எடுக்கலாம்மா. ஆனா அவரு மனசு என்னன்னு தெரிஞ்சிக்கிட்டு எடுங்க” என்றார். உங்கள் மனசை நான் எங்கே போய்த் தெரிந்துகொள்வேன்? பூப்போட்டுப் பார்த்தேன். வெள்ளை வந்தது, சம்மதம் என்று. நம்பாமல் இன்னொரு தரம் போட்டேன். சிவப்பு வந்தது. மூன்றாவது தரம் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, கேட்காமல் இருக்க முடியவில்லை. பொய் வழக்கு கட்டினால் கட்டினவரைத்தான் சாமி கேட்கும் என்பார்களே. பதினெட்டே நாள் அப்பா. அதனாலா? என் வீட்டுக்காரரிடம் சொன்னால், “ஒங்கப்பாவுக்கு சுகரு, பிரஷரு, நாளைக்கு ரெண்டு கட்டு பீடி. இதுல சாமி எங்கடி வந்தாரு?” என்கிறார். அவர் சொல்வதுதான் நிஜமாக இருக்க வேண்டும் என்று அதே சாமியிடம் வேண்டிக்கொள்கிறேன். அப்படிக் கேட்பதானால் நோட்டு எழுதிய என்னை அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

காகிதம் எழுதி வைத்திருக்கிறேன். ‘என் மகன் பழனிவேல் குற்றமற்றவன். விசாரிக்காமல் தவறாக எண்ணிவிட்டேன். பிராதைத் திரும்பப் பெறுகிறேன்.’ உங்கள் பெயரில், நீங்கள் பேசுவது போல. தப்பு என்று நீங்கள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. சூளையில் சரக்கு வெடித்தால் கூட மண் சரியில்லை என்பீர்களே தவிர, தீ அதிகம் என்று சொல்ல மாட்டீர்கள். உயிரோடு இருந்தபோது உங்கள் வாயில் ஒரு வார்த்தையை வைக்க யாருக்காவது முடிந்ததா? இப்போது வைத்தால் அது மகள் செய்யும் உபகாரமா, இன்னொரு பொய்யா? இன்னொரு முறை விசாரிக்காமல் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் சம்மதித்தால் உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதுவேன்: கேப்சூல் வாங்கி வரச் சொன்னவள், பத்தியம் வைத்தவள், நோட்டைப் பாதி மட்டும் படித்துக் காட்டியவள். எழுதியதை வேலுவின் கையில் கொடுத்து, அவனையே சந்நிதிக்கு முன்னால் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். டாக்டரைக் கேட்காமல் இனி யாருக்கும் ஒரு மாத்திரை, ஒரு பத்தியம் சொல்ல மாட்டேன். இது கொளஞ்சியப்பர் மேல் சத்தியம்.

‘தவறாக எண்ணிவிட்டேன்’ என்று உங்கள் பெயரில் நான் எழுதலாமா அப்பா? எழுதலாம், கூடாது, இரண்டில் ஒன்று. நாள் அதிகம் இல்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

உங்கள் மூத்த பெண்,
வேலுவின் அக்கா,
கோமதி