காரணத்தை எழுதிக் கொடுங்கள்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், ஒப்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கோபப்படாமல் படி. வெள்ளையடிக்கத்தான் கடையை மூடியிருக்கிறோம் என்றேனே, அது பொய். பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு நர்ஸ் டிஸ்ப்ளே மாற்றச் சொல்லி நம் ரிப்பேர் கடையில் போனைக் கொடுத்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கோளாறு எதையோ அவள் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டாளாம். மறுநாளே இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அந்தப் போனைத் திறந்து காட்டு என்றார்கள். கோர்ட் உத்தரவு இருந்தா குடுங்க சார், இல்லேன்னா அது அந்தப் பொண்ணோட பொருள் என்றேன். காரணம்கூடச் சொல்லாமல் ஜீப்பில் ஏற்றினார்கள். கடமையைத் தடுத்தேன் என்று கேஸ், கடைக்கு சீல். ஜாமீனில் வந்தபிறகு போலீஸ் தரப்பிலிருந்து ஒருவர் வீட்டுக்கே தூது வந்தார், போனைத் திறந்து கொடுத்தால் கேஸை விட்டுவிடுவார்களாம். க்யூவில் யாராவது முந்தினால்கூட வாய் திறக்காத உன் அப்பா, அவ முடியாதுன்னா எனக்கும் முடியாதுதான் என்று கதவைச் சாத்திவிட்டார். அவர் எவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் கவனித்தேன், சிரிக்காதே.

போன வியாழக்கிழமை தீர்ப்பு. கைது செய்யும்போதே காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், உத்தரவில்லாமல் ஒருவர் போனுக்குள் நுழைவது வீட்டுக்குள் நுழைவது மாதிரி, கேஸ் ரத்து, கடையைத் திறந்துவிடுங்கள் என்று நீதிபதி படித்தார். எனக்குப் பாதி விளங்கவில்லை, நமக்காக வாதாடிய வக்கீலம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்ததும்தான் ஜெயித்தது தெரிந்தது. யாரோ ஒரு லாரி டிரைவர் கேஸில் போன வருஷம் மேல் கோர்ட் சொன்னதை வைத்துத்தான் நாம் ஜெயித்தோமாம். முகம் தெரியாத அந்த அண்ணன் நன்றாக இருக்கட்டும். அப்பா கோர்ட் வாசலிலேயே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, தன் சட்டையிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை சலவைக்கடை அக்கா அழுதபடி ஓடிவந்தாள், தம்பியை ஏனென்று சொல்லாமல் கூட்டிப் போய்விட்டார்களாம். தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். என்னை ஏற்றிப்போன அதே இன்ஸ்பெக்டர்தான். காரணத்தை எழுதிக் குடுங்க சார் என்றேன். என்னைப் பார்த்தார், நகலைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார், ஆனால் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பேனாவை மூடிவிட்டு, கூட்டிட்டுப் போங்கம்மா என்றார்.

நினைத்ததெல்லாம் கைகூடி நீ நீடூழி வாழ வேண்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே.

இப்படிக்கு,
தெருவே இப்போது வக்கீல் என்று கூப்பிடுகிற உன் அம்மா